‘விடுவி’ என்றால்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். இங்கே அவரும் குட்டியும் சௌக்கியம், நான் பாதி சௌக்கியம். மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற வேண்டாம் என்று நீ சொன்னதாகவும், அவர் ஏறிப் போய் மேலே நின்றுகொண்டு உன்னைக் கூப்பிட்டதாகவும் கேள்விப்பட்டேன்.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் ஐந்தாவது நிமிடம் நீ திட்ட ஆரம்பிக்கிறாய், ஆறாவது நிமிடம் நான் வைத்துவிடுகிறேன். கடிதத்தில் நீ திட்டினால் டீ குடித்துக்கொண்டே படித்துக்கொள்வேன். உனக்கும் வார்டில் போனைக் கையில் எடுக்க முடிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபதாம் தேதி ஆபரேஷன். பயப்படும்படி ஒன்றும் இல்லையாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவருக்கு டீ போடத் தெரியும், அதற்குமேல் எதிர்பார்த்தால் அடுப்பு தாங்காது. நீ ஒரு பத்து நாள் லீவு போட்டுவிட்டு வா அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்.

வேலையிலும் தலைக்குமேல் வெள்ளம். "நீ ஆபீசில் என்னதான் செய்கிறாய்" என்று போன தடவை கேட்டாயே, ஒழுங்காகச் சொல்லவில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் போன மாதம் போட்டார்களே ஏஐ ஏஜென்ட், நீங்கள் தட்டச்சு செய்து சொன்னால் நோயாளிக்கு நாள் குறிக்கிறது, வேன் அனுப்புகிறது, போன் எடுத்துப் பேசுகிறது. அது எங்கள் கம்பெனியுடையதுதான். அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. அதன் கையில் நிறையக் கருவிகள் கொடுத்திருக்கிறோம். ஸ்பேனர், சுத்தியல் இல்லை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலையைச் செய்யும் சின்ன நிரல். ஒன்று நாள் குறிக்கும், ஒன்று வேனைக் கூப்பிடும். அந்தக் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று ஏஜென்ட்டால் பார்க்க முடியாது. பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படித்துத்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்யும். இது எதற்கு, எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது, எடுத்தால் பிறகு என்ன ஆகும், திரும்ப மாற்ற முடியுமா. அந்தக் குறிப்பை எழுதுகிறவள் நான். கண்ணைக் கட்டிக்கொண்டு சமைக்கிறவளுக்கு டப்பாவின் மேல் பெயர் ஒட்டுகிற வேலை.

நிரல் எழுதுகிறவர்கள் டப்பாவுக்குள் இருப்பதை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நான் பின்னாலேயே ஓடி ஒட்டுகிறேன். லீவுக்கு முன்னால் திருத்த வேண்டியது ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. மேலாளரிடம் போய் நின்றால், "வந்து பாத்துக்கலாம்மா, எல்லாம் ரெண்டு ரெண்டு வரிதானே" என்கிறார்.

வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுது.

உன்
வாலு


பிப்ரவரி 9

என் வாலுக்கு,

ஆபரேஷன் என்பதைக் கடிதத்தின் நடுவில் மாமாவின் முழங்காலுக்கும் உன் ஆபீசுக்கும் இடையே சொருகி வைத்திருக்கிறாய். சின்ன வயதில் மார்க் ஷீட்டை நீட்டும்போதும் இப்படித்தான். வருகிறேன். பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் வண்டி ஏறுவேன். குட்டியிடம் பெரியம்மா வருகிறாள் என்று சொல்லி வை, மாப்பிள்ளையிடம் அடுப்பைத் தொட வேண்டாம் என்று சொல்லி வை.

உங்கள் ஏஜென்ட்டை நாங்கள் 'குமாஸ்தா' என்று கூப்பிடுகிறோம். ஆரம்பத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. இப்போது பரவாயில்லை. டயாலிசிஸ் பிரிவில் பன்னிரண்டு நாற்காலி. யாருக்கு எந்த நாள், யாருக்கு வேன், யார் ஊருக்குப் போகிறார் என்று தினமும் இரண்டு மணி நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு கத்துவேன். அந்தத் தொண்டை மிச்சம். நோயாளிகளில் குமாஸ்தாவோடு ஒத்துப்போகிறவர் டிரைவர் அண்ணன் ஒருவர்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். சிறுநீரகம் இரண்டும் போய், திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் எங்களிடம் படுத்திருக்கிறார். போனில் பேசுவது மெஷின் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "இருக்கட்டும் சிஸ்டர், பதில் சொல்லுதுல்ல" என்று, ஒவ்வொரு தடவையும் "நன்றிங்கம்மா" சொல்லித்தான் வைப்பார். எங்கள் வேன் ஓட்டுகிற பையனை மட்டும் பிடிக்காது. "பிரேக்க மிதிக்கிறானா, பூச்சிய மிதிக்கிறானா" என்பார்.

அவருக்கு ஒரே மகள். மனைவி இல்லை. மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் போகத் தயங்குகிறாள், இவர் போ போ என்று விரட்டுகிறார். போன வாரம் என்னிடம், "நீங்க இருக்கீங்க, வேன் இருக்கு, அப்புறம் எனக்கென்ன சிஸ்டர்? அவகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவளும் சரி என்றாள்.

உன் கட்டை மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டுத் தூங்கு. ரத்தம் குறைவாக இருக்கும், வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா


மார்ச் 4

வாலு,

நீ எழுந்து நடக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். சந்தோஷம்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. டிரைவர் அண்ணன் இறந்துவிட்டார். நான் உன் வீட்டில் இருந்தபோது, இருபத்தாறாம் தேதி. திங்கட்கிழமை வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். அவர் நாற்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "அண்ணன நாள் மாத்திட்டீங்களா?" என்று கேட்டேன். எனக்குப் பதிலாக வேலை பார்த்த புது நர்ஸ், "யாரு அண்ணன்?" என்றாள்.

நடந்ததைச் சொல்கிறேன். மகள் புதன்கிழமை ரயிலேறினாள். வழியனுப்பப் போக வேண்டும், அன்றைக்கு மட்டும் வர முடியாது என்று அவர் கேட்டார். அதற்குப் பதில் மறுநாள் வியாழன் வரச் சொன்னேன். குமாஸ்தாவிடம் தட்டினேன்: 'டிரைவர் அண்ணன் புதன்கிழமை வரமாட்டார், அவர் இருக்கையை விடுவித்துவிட்டு வியாழன் காலை ஓர் இடம் கொடு.' ஆகட்டும் என்று பதில் வந்தது. வியாழன் வந்தார். மகள் ஜன்னல் சீட் கிடைக்காமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சாயங்காலம் நான் உன்னிடம் கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வேன் வரவில்லை. நேற்றுத்தானே ரத்தம் சுத்தம் செய்தார்கள், அதனால் விட்டிருப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். திங்கட்கிழமையும் வேன் வரவில்லை, புதனும் வரவில்லை. வியாழன் மத்தியானம் கதவு திறக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் உடைத்திருக்கிறார். உடம்பெல்லாம் நீர் கோத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே. வெளியே போகிற சட்டையைப் போட்டிருந்தாராம், வேனுக்குத் தயாராக.

குமாஸ்தாவின் கணக்கில் அவர் பெயரே இல்லை. வரும் நாட்கள் எல்லாம் துடைத்து எடுத்திருக்கிறது, வேனும் போய்விட்டது. காத்திருந்த ஆளுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டது. நாற்காலி காலியாகக் கிடந்திருந்தாலாவது யாராவது இது யாருடையது என்று கேட்டிருப்பார்கள்.

'விடுவி' என்று ஒரு கருவி இருக்கிறதா உங்களிடம்? அது என்ன செய்யும்? எனக்குச் சொல். ஒரு வேளைக்கு விடச் சொன்னேன், அவ்வளவுதானே சொன்னேன்?

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அவர் என்னவோ வயிற்று வலி என்று நினைத்துக்கொண்டு மாத்திரை எடுத்து நீட்டுகிறார்.

இருக்கிறது. 'விடுவி' என்று ஒன்று இருக்கிறது. 'ஒருமுறை தவிர்' என்றும் ஒன்று இருக்கிறது. அது ஒரு நாளை மட்டும் எடுக்கும். ஏஜென்ட் இதை எடுத்திருக்க வேண்டியது, அதை எடுத்துவிட்டது.

டாக்டர் இன்னும் ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. மறுநாளே ஆபீஸ் போய் அந்தக் குறிப்பைத் தெளிவாக எழுதி வைத்துவிட்டேன். இனி எந்த ஆஸ்பத்திரியிலும் எவருக்கும் இப்படி நடக்காது. அது நிச்சயம் அக்கா. உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே தட்டினேன்.

உன் மேல் ஒரு தப்பும் இல்லை. இது எனக்குத் தெரியும், நீயும் அப்படியே நினைக்க வேண்டும். அந்த மகளைப் பார்த்தாயா? நீ சரியாகத் தூங்குகிறாயா? மாமாவை உன் பக்கத்திலேயே இருக்கச் சொல்.

வாலு


மார்ச் 18

வாலுக்கு,

மகளைப் பார்த்தேன். வீட்டைக் காலி செய்ய வந்திருக்கிறாள். என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். "நீங்க போகச் சொன்னீங்க சிஸ்டர், அதான் போனேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நேற்று ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் கூப்பிட்டுப் பேசினார்கள். உங்கள் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மரியாதையான ஆள், நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். பிறகு ஒரு தாளை என் முன்னால் வைத்தார். 'விடுவி' கருவியின் குறிப்பு. அப்படியே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது:

'இந்த நோயாளி இனி வரவே மாட்டார் என்று உறுதியானால் மட்டும் பயன்படுத்தவும். இது அவருடைய வருங்காலப் பதிவுகள் அனைத்தையும், வேனையும் சேர்த்து நீக்கிவிடும். திரும்பப் பெற முடியாது. ஒரு நாள் மட்டும் வராதவருக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. ‘ஒருமுறை தவிர்’ கருவியைப் பயன்படுத்தவும். இயக்கும் முன் நர்ஸிடம் கேட்டு, அவர் ஆம் என்ற பிறகே இயக்கவும்.'

"இவ்வளவு தெளிவா எழுதியிருக்கு. அது உங்களக் கேட்டிருக்கும், நீங்க அவசரத்துல ஆம்னு தட்டியிருப்பீங்க" என்றார் அவர்.

"என்னை எதுவும் கேட்கல" என்றேன்.

"கேட்டிருக்கும்மா. இதுல இருக்கே" என்றார்.

அன்றைக்கு நான் தட்டியதும் அது சொன்னதும் பதிவில் இருக்குமே, காட்டுங்கள் என்றேன். மற்ற நோயாளிகளின் விவரமும் அதில் கலந்திருக்கிறதாம், தர முடியாதாம். தலைமை நர்ஸ் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், இருபது வருஷப் பழக்கம். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாலு, முதல் வரியைப் படித்ததுமே அது நீ எழுதியது என்று தெரிந்துவிட்டது. 'வரவே மாட்டார்' என்று அழுத்துகிறவள் நீதான். நல்லா எழுதியிருக்கிறாய். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். எனக்கு ஒன்றே ஒன்று சொல். பிப்ரவரியில், நான் தட்டின அன்றைக்கு, இந்த வரிகள் அங்கே இருந்தனவா?

'தெளிவாக எழுதி வைத்துவிட்டேன்' என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் என் பையில்தான் இருந்தது. எடுத்து அவர் முன்னால் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நீயாகச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் ஆறாம் தேதி நர்ஸ் கவுன்சிலில் விசாரணை.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் கடுமை. குட்டிக்குப் பரீட்சை நடக்கிறது. பழைய வேலை போனதிலிருந்து அவருக்கு இன்னும் வேறு அமையவில்லை, பேசிக்கொண்டிருக்கிறார்.

நீ கேட்டதைப் பற்றி மேலாளரிடம் பேசினேன். பழைய குறிப்புகள் எல்லாம் கம்பெனியின் உள் விவகாரம், அவற்றைப் பற்றி வெளியே பேசுவதானால் சட்டப் பிரிவின் அனுமதி வேண்டும் என்கிறார். "நீ பொய் சொல்லணும்னு யாரும் சொல்லல. உன்னக் கேட்டாங்கன்னா சொல்லு. கேக்காதப்ப நீயா போய் ஏன் நிக்கிற?" என்றார். அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாளில் தருவதாகச் சொல்கிறார்கள். முறைப்படி போனால்தான் நான் எழுதித் தரும் தாளுக்கு மதிப்பு இருக்கும் அக்கா, இல்லையென்றால் தங்கை அக்காவுக்காகப் பேசுகிறாள் என்று தள்ளிவிடுவார்கள். உன் நல்லதுக்குத்தான் பார்க்கிறேன்.

இந்த ஏஜென்ட் நூறு ஆஸ்பத்திரியில் ஓடுகிறது. அதனால் நேரத்துக்கு வேன் கிடைக்கிறவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இதை நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை.

தைரியமாக இரு.

வாலு


மார்ச் 29

வாலு,

இருந்ததா, இல்லையா என்று கேட்டேன். ஒரு வார்த்தை பதில். அதற்கு அனுமதி கேட்டிருக்கிறாய்.

ஆறாம் தேதி காலை பத்து மணி.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

இல்லை.

அன்றைக்கு அந்த வரிகள் அங்கே இல்லை. இருந்தது இவ்வளவுதான்: 'நோயாளியின் இருக்கையை விடுவிக்கும். அந்த இடம் காத்திருப்போருக்குக் கிடைக்கும்.' இரண்டு வாக்கியம். அதைப் படித்தால் ஏஜென்ட் மட்டுமில்லை, நானே அந்தக் கருவியைத்தான் எடுத்திருப்பேன். உன்னைக் கேட்கச் சொல்லி அதில் எதுவும் இல்லை. அது உன்னைக் கேட்கவும் இல்லை. உன் உரையாடலை முழுக்கப் படித்துவிட்டேன். நீ தட்டியது ஒரே வரி. அது சொன்னது 'ஆகட்டும்'.

நான் அந்த இரண்டு வாக்கியத்தை எழுதியபோது அவை சரியாகத்தான் இருந்தன. அப்போது 'விடுவி' ஒரு நாளை மட்டும் விடுவித்தது. ஜனவரி கடைசியில் நிரலை மாற்றினார்கள். இறந்துபோனவர்கள் வீட்டுக்கும் வேன் போய் நிற்கிறது என்று சில ஆஸ்பத்திரிகள் புகார் செய்ததால், ஒரேயடியாக எல்லாப் பதிவையும் நீக்கும்படி செய்துவிட்டார்கள். கருவியின் பெயரை மாற்றவில்லை. நிரலை மாற்றியதாக எனக்குத் தகவல் வந்தது. திருத்த வேண்டிய கட்டில் அது இருந்தது. லீவுக்கு முன்னால் முடித்துவிடுகிறேன் என்றேன், வந்து பார்க்கலாம் என்றார்கள், நானும் சரி என்று ஆபரேஷனுக்குப் படுத்துவிட்டேன். உட்கார்ந்திருந்தால் பத்து நிமிட வேலை.

நீ கையில் பார்த்த தாள் மார்ச் ஏழாம் தேதி நான் எழுதியது. இன்னொருவர் சாகக் கூடாது என்று எழுதினேன். அதை எடுத்துப் போய் உன் முன்னால் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் பதினெட்டாம் தேதி நீ எழுதிய கடிதம் வந்த பிறகு தெரியும். தெரிந்தும் வெயில் கடுமை என்று உனக்கு எழுதினேன்.

அனுமதி ஏழாம் தேதி வந்தது. 'இயலாது' என்று. விசாரணை முடிந்த மறுநாளுக்காகக் காத்திருந்து கொடுத்திருக்கிறார்கள், அதற்காக நானும் உட்கார்ந்திருந்திருக்கிறேன். முதல் நாளே அவர்கள் தரமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் கேட்டேனோ என்றும் தோன்றுகிறது.

பழைய குறிப்பு, மாற்றிய தேதி, நான் திருத்திய தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கே வேண்டுமானாலும் கொடு. விசாரணையில் என்ன ஆயிற்று? போன் அடித்தேன், எடுக்கவில்லை. மாமாவும் எடுக்கவில்லை.

வாலு


ஏப்ரல் 16

வாலுக்கு,

உன் கடிதமும் தாளும் வந்தன.

விசாரணை அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. உங்கள் கம்பெனியின் தாளை வைத்தார்கள். நீங்கள் 'விடுவி' என்ற வார்த்தையைப் பயன்படுத்தினீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அது என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். மாமாகூடக் கேட்டார், யாரைப் பார்க்கிறாய் என்று. ஒரு வருஷம் நான் நர்ஸாக வேலை செய்யக் கூடாது. ஆஸ்பத்திரி என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டது.

உன் தாளைக் கொண்டுபோய் மேல்முறையீடு செய்யலாம் என்று மாமா குதிக்கிறார். செய்வார், செய்யட்டும். கவுன்சிலுக்கு ஒரு நகல் போயிருக்கிறது. ஆனால் முதலில் நான் வேறு ஒன்று செய்தேன். அதை உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன். தாளையும், உன் கடிதத்தையும் டிரைவர் அண்ணனின் மகளிடம் கொடுத்துவிட்டேன். அவள் இதுவரை என்னால்தான் அப்பா போனார் என்று நினைத்திருந்தாள். அப்பாவே ஒழுங்காகக் கேட்கவில்லையோ என்றும் நினைத்து அழுதிருக்கிறாள். அவளுக்குத் தெரிய வேண்டும்.

வழக்குப் போடப் போகிறாள். அதனால் உன் வேலை போகலாம். மாப்பிள்ளைக்கும் வேலை இல்லாத நேரம். எல்லாம் யோசித்துத்தான் கொடுத்தேன்.

உன்னைப் பார்க்க அவள் வருவாள். விலாசம் கேட்டாள், கொடுத்தேன்.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு இது நான் எழுதும் மூன்றாவது. முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லை. அவற்றில் மன்னிப்பைத் தவிர ஒன்றும் இல்லை, நீ பதில் போடாததும் சரிதான். இதில் செய்தி இருக்கிறது.

அவள் வந்தாள். ஞாயிறு மத்தியானம். ஆபீசில் என்னை வேலையை விட்டு அனுப்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. குட்டிதான் கதவைத் திறந்தான். நீ சொன்னதைவிடச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உட்காரலாமா என்று கேட்டாள்.

கருவி, குறிப்பு எதைப் பற்றியும் அவள் கேட்கவில்லை. "அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினாரா?" என்று கேட்டாள்.

"பண்ணினார்" என்றேன். "ரெண்டு தடவ."

என்ன பேசினார் என்று கேட்டாள். எனக்குத் தெரியும் அக்கா. என்ன தவறு நடந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லி அந்தப் பதிவை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு தடவைதான் படித்தேன், ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. சொல்லட்டுமா என்றேன். சொல்லுங்கள் என்றாள்.

திங்கட்கிழமை, "அம்மா, வேன் வரலீங்க" என்றிருக்கிறார். உங்கள் பெயரில் வரும் நாட்களுக்குப் பதிவு எதுவும் இல்லை, புதிதாகப் பதிய மருத்துவரின் கடிதம் வேண்டும் என்று பதில். "நான் பழைய ஆளுங்கம்மா, மூணு வருஷமா வர்றேன்." மறுபடி அதே பதில். "சரிங்கம்மா, சிஸ்டர் வந்ததும் கேட்டுக்கறேன். நன்றிங்கம்மா."

புதன்கிழமை குரல் இழுத்து இழுத்து வந்ததாகப் பதிவில் குறித்திருக்கிறது. "சிஸ்டர் லீவு முடிஞ்சி வந்துட்டாங்களா?" அந்த விவரத்தைத் தர இயலாது என்று பதில். "மூச்சு கொஞ்சம் வாங்குது. நாளைக்கு வந்துருவாங்கல்ல?" அவசரம் என்றால் அவசர எண்ணுக்கு அழைக்கவும் என்று பதில். "அவ்வளவு ஒண்ணும் அவசரமில்லீங்க. நன்றிங்கம்மா."

அவள் அழவில்லை. கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். "எங்கப்பா யாரயும் தொந்தரவு பண்ணமாட்டாரு" என்றாள். பிறகு, "எனக்கும் போன் பண்ணியிருக்கலாம். நான் வேலைய விட்டுட்டு வந்துருவேன்னு பயந்திருப்பாரு" என்றாள்.

சிறிது நேரம் கழித்து, "அந்த வாரம் சிஸ்டர் எங்க போயிருந்தாங்க?" என்று கேட்டாள்.

நீ அவளிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. விசாரணையிலும் சொல்லியிருக்க மாட்டாய்.

"இங்கதான்" என்றேன். "எனக்கு ஆபரேஷன். எங்கிட்டதான் இருந்தாங்க."

அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சோபாவை, மேசையை, குட்டியின் பையை. நீ அந்தப் பத்து நாளும் படுத்திருந்த பாயைப் பார்ப்பது போல இருந்தது எனக்கு. பதிவில் படித்ததை எல்லாம் எழுதித் தரும்படி கேட்டாள். எழுதினேன். எழுதும்போது என் கை பழக்கத்தில் ஓர் இடத்தில் சுருக்கப் பார்த்தது. 'நன்றிங்கம்மா'வை இரண்டு இடத்திலும் விடாமல் எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாசல் வரை போனேன். குட்டியின் தலையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

கோர்ட்டில் கூப்பிட்டால் போவேன். யாரிடமும் அனுமதி கேட்க மாட்டேன். அவருக்கு ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. நாங்கள் சமாளித்துக்கொள்வோம், எங்களைப் பற்றி நினைக்காதே.

ஒரே ஒரு தடவை வந்து உன்னைப் பார்க்கட்டுமா அக்கா? வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

வாலு


மே 19

வாலுக்கு,

அவள் எனக்கும் போன் செய்தாள். நீ எதையும் மறைக்கவில்லை என்றாள். நான் எங்கே இருந்தேன் என்பதையும் சொல்லிவிட்டாய் என்றாள்.

ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நர்ஸாக இல்லை, உதவியாள். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது. யாராவது பேச்சு மூச்சில்லாமல் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். போதும், உட்காருங்கள் என்கிறார்கள். உட்கார முடியவில்லை.

மேல்முறையீடு ஆகஸ்டில் வருகிறது. உன் தாளை எடுத்துக்கொண்டார்கள்.

நீ வர வேண்டாம். கோபத்தில் சொல்வதாக நினைக்காதே. உன் முகத்தைப் பார்த்தால் உன் கட்டில் பக்கத்தில் நான் தலைவாரிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தத் திங்கட்கிழமையும் புதன்கிழமையும்தான் எனக்குத் தெரியும். நாம் இரண்டு பேரும் எதற்கோ சிரித்தோம், நினைவிருக்கிறதா? எதற்கு என்று மறந்துவிட்டது. அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடிதம் எழுது. படிப்பேன். பதிலுக்குக் காத்திருக்காதே.

அக்கா